பிடிபடக் காத்திருந்த தபால்காரர்

எங்கள் சான் கஸ்பாரில் தெருவுக்குப் பெயர் கிடையாது, வீட்டுக்கு எண் கிடையாது. இருக்கிறதென்று தலைநகர் மனாகுவாவில் எவனாவது ஏட்டில் எழுதி வைத்திருந்தால் அது அவன் பாடு. எங்களுக்கு விலாசம் என்றால் ஏதோ ஒரு இடத்தில் ஆரம்பித்து, இத்தனை தெரு மேலே, இத்தனை தெரு கீழே, அப்புறம் ஆற்றுப் பக்கமோ மலைப் பக்கமோ திரும்ப வேண்டும். மேலே என்றால் சூரியன் உதிக்கிற பக்கம். கீழே என்றால் அது போய் விழுகிற பக்கம். இதில் வெளியூர்க்காரர்களுக்கு அப்படி என்ன குழப்பம் வருகிறதோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கவனிக்க வேண்டும். ஆரம்பிக்கிற இடம் இப்போது இருக்கக்கூடாது. நிற்கிற கட்டடத்தை நம்பி விலாசம் சொன்னால், நாளைக்கே பூகம்பம் வந்து அதைத் தள்ளிவிட்டுப் போய்விடும். ஏற்கெனவே இல்லாமல் போனதை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் ‘மாமரம் இருந்த இடத்திலிருந்து’ என்றும் ‘சாராயக்கடை எரிந்த இடத்திலிருந்து’ என்றும் சொல்கிறோம். அந்த மாமரம் விழுந்தபோது என் அப்பா பிறக்கவே இல்லை. ஆனால் அது எங்கே நின்றது என்று கேட்டால், எங்கள் ஊரில் பால்குடிக்கிற குழந்தைகூடக் கையைக் காட்டும்.

இப்படிப்பட்ட ஊரில் இருபத்தாறு வருஷம் ஒரு கடிதத்தைக்கூடத் தொலைக்காத மனிதர் எவரிஸ்தோ ரிஸோ. வேலைக்குச் சேர வந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. தபால் நிலையத்தில் இருந்த பெரியவர் பரீட்சை என்று சொல்லி ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தார். மேலே ‘கடிக்கிற நாய் இருக்கும் வீடு’ என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த நாய் செத்து மூன்று வருஷமாகியிருந்தது. எவரிஸ்தோ நேராக அந்த வீட்டுக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் வேலிமேல் ஏறிக் குதித்து ஓடியும் வந்தார். அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது.

ஆள் ஒட்டடைக்குச்சி. கழுத்து நீளம், மூக்கு அதைவிட நீளம், அதற்குக் கீழே அவர் அன்றாடம் எண்ணெய் போட்டுச் சீவுகிற மீசை. நாற்பத்தெட்டு வயதுவரை கல்யாணம் ஆகவில்லை. காரணம் ஒன்றும் பெரிதில்லை. பெண்கள் எதிரே வந்தால் மனிதருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காகிதத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் பேச்சு வரும். “கையெழுத்துப் போடுங்க”, “ரெண்டு ஸ்டாம்ப் குறையுது”, அவ்வளவுதான். இந்தச் சங்கதிகளை வைத்துக்கொண்டு ஒருத்தியிடம் ஆசையைச் சொல்ல முடியுமா?

ஆசை மட்டும் இருந்தது. தையல்காரி கசில்தாமேல். ஒன்பது வருஷமாக.

கசில்தாவுக்கு நாற்பத்துமூன்று வயது. ஊரில் மரியாதையாகத் தோனா கசில்தா என்போம்; ஆண்களென்றால் தோன். புருஷன் செத்துப் பத்து வருஷம். காலால் மிதிக்கிற தையல் மெஷின் ஒன்று வைத்து வயிறு கழுவியவள். எழுபத்தெட்டில் ஒருநாள் சர்வாதிகாரியின் காவற்படை சார்ஜென்ட் ஒருவன் வந்து, நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்று சொல்லி அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு போனான். தையல் மெஷினை வைத்து எந்த நாட்டைக் காப்பாற்றினானோ! மறுவருஷம் ஜூலையில் ஊரே திரண்டு காவற்படையின் முகாமைப் பிடித்து எரித்தபோது, பின்கட்டில் அந்த மெஷின் கிடைத்தது. ஊசிக்கடியில் சார்ஜென்ட் பெண்டாட்டியின் ஜன்னல் திரை பாதி தைத்தபடி மாட்டியிருந்தது. மிதிகட்டை வளைந்துபோய், அன்றிலிருந்து மிதிக்கிற போதெல்லாம் மெஷின் முனகும். முகாம் எரிந்த இடத்தில் ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் வைத்துக் குழந்தைகளுக்குப் பூங்கா கட்டினோம். நாட்டில் எல்லாரும் பழையதை மறந்து புது வாழ்வு வாழ வேண்டும் என்று வானொலியில் சொன்னார்கள். கசில்தா மறக்கவில்லை. மெஷின் முனகுகிறதே, எப்படி மறப்பாள்?

எண்பத்திரண்டு மே மாதம் எவரிஸ்தோ துணிந்துவிட்டார். பதினோரு தடவை எழுதிக் கிழித்து, பன்னிரண்டாவது தடவை ஒரு கடிதம் எழுதினார். ‘தோனா கசில்தா அவர்களுக்கு. ஒன்பது வருஷமாக உங்கள் வாசலில் மற்றவர்களுடைய கடிதங்களைக் கொடுத்து வருகிறேன். இது என்னுடையது. சம்மதமானால் தெரிவிக்கவும்.’ கீழே பெயர் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, பெட்டியில் போட்டு, தானே எடுத்து, தானே முத்திரை குத்தி, மறுநாள் காலை பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கையோடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். ஸ்டாம்ப் இல்லாத கடிதத்தைத் தபால்காரர் சுமப்பதாவது!

கசில்தா வாசல்படிக்கு உள்ளே நின்றாள். ஒன்பது வருஷமாக அவர் அந்தப் படியைத் தாண்டியதில்லை.

“லெட்டர் வந்திருக்கு, தோனா கசில்தா.”

“யாரு போட்டது?”

“உள்ளூர்தான்.”

“உள்ளூர்ல யாரு?”

“அதெல்லாம் தபால்காரன் பாக்கக்கூடாதுங்க” என்று சொல்லிவிட்டு எவரிஸ்தோ எடுத்த ஓட்டத்தில், அந்தத் தெருவில் இன்னும் நான்கு வீட்டுத் தபால் பையிலேயே தங்கிவிட்டது. திரும்பி வந்து கொடுத்தார், அது வேறு விஷயம்.

பதில் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் மனாகுவாவிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

மொத்தம் நான்கு பேர், ஒரு ஜீப், ஒரு காமிரா. தலைவி லிதியா என்ற பெண். இருபத்தெட்டு வயது, பெரிய மூக்குக்கண்ணாடி, கையில் ஒலிபெருக்கிக் குழாய். பக்கத்தில் நிற்கிறவரிடம்கூட அந்தக் குழாயில்தான் பேசுவாள். முகாம் விழுந்த நாளைப் படமாக எடுக்கப் போகிறேன், நம்மைப் போன்ற சின்ன தேசத்தின் போராட்டத்தை நாமே படம் பிடித்தால்தான் உண்டு, நடிகர்கள் வேண்டாம், போராடியவர்களே போதும் என்றாள். சோப்புக்கும் நூலுக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்த எங்களுக்கு இது நல்ல பொழுதுபோக்காகப் பட்டது. எல்லாரும் கை தட்டினோம்.

முதலில் முகாம் வேண்டும். பழைய இடத்தில் கட்டலாமென்றால், ஊஞ்சலைத் தொட்டால் கையை ஒடிப்போம் என்று தாய்மார்கள் வந்து நின்றுவிட்டார்கள். அதனால் நாலு தெரு கீழே, கசில்தா வீட்டுக்குப் பக்கத்தில், மாட்டுச் சந்தைத் திடலில் ஒட்டுப்பலகையும் அட்டையும் வைத்து ஒரு முகாம் எழுப்பினார்கள். அச்சு அசல் பழைய முகாமேதான். முன்பக்கம் மட்டும். பின்னால் போனால் மாடுகள் நிற்கும்.

அடுத்தது ஆட்கள். கிளர்ச்சிக்காரராக நடிக்க ஊரே முண்டியடித்தது. தலைவன் வேஷத்தைக் கசாப்புக்கடை பொர்ஃபிரியோ பிடித்துக்கொண்டார். நிஜத்தில் அன்றைக்கு அந்த மனிதர் கட்டிலுக்கடியில் இருந்தார். கேட்டால், அங்கிருந்துதான் தலைமை தாங்கினேன் என்பார். ஆனால் காவற்படை சார்ஜென்டாக நடிக்க ஒருத்தர் வரவேண்டுமே! முதுகுவலி என்றார் ஒருவர். அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன் என்றார் இன்னொருவர். அவருக்கு அம்மா இல்லை.

“தோழர்களே! எதிரி இல்லாம எப்படி ஜெயிக்கிறது?” என்று லிதியா குழாயில் கத்தினாள். “சட்டை கூட இலவசம்! தோனா கசில்தா அளவெடுத்துத் தைச்சுக் கொடுப்பாங்க!”

கூட்டத்தின் கடைசியில் ஒரு நீளக் கை எழுந்தது.

“யோவ் எவரிஸ்தோ, உனக்கு என்னய்யா கேடு?” என்றார் பொர்ஃபிரியோ. “நாளைக்கு நீ கொண்டாற தபாலை ஊர்ல எவன் வாங்குவான்?”

எவரிஸ்தோ காதில் ஒன்றும் விழவில்லை. அளவெடுத்து என்ற சொல்லிலேயே மனிதர் நின்றுவிட்டார்.

கசில்தா வாசல்படியிலேயே நிற்க வைத்துத்தான் அளவெடுத்தாள். வாய் நிறைய குண்டூசி. அவர் மார்பைச் சுற்றி நாடா போட்டபோது, எவரிஸ்தோ மூச்சை உள்ளே இழுத்தவர் வெளியே விடவே இல்லை. அந்தச் சட்டை கடைசிவரை அவருக்குத் தொளதொளவென்று இருந்ததற்கு இதுதான் காரணம்.

“நான்... அந்த லெட்டர்... வந்து சேந்துதுங்களா?”

கையெழுத்தில்லாமல், காகிதமில்லாமல், அவர் வாழ்க்கையில் ஒரு பெண்ணிடம் பேசிய முதல் வாக்கியம் அது. கசில்தா ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மணிக்கட்டுப் பட்டையில் குத்தினாள். மெதுவாக.

“சேந்துது. நீங்கதானே கொண்டாந்து கொடுத்தீங்க?”

“ஆமாங்க. அப்போ பதில்...”

“தோன் எவரிஸ்தோ, இது யாரோட சட்டை?”

“என்னோட... சார்ஜென்டோட...”

“அந்தச் சட்டை போட்டவன் என் மெஷினைத் தூக்கிட்டுப் போனான். இதைப் போட்டுக்கிட்டு நிக்கிற ஆளுக்கு நான் எந்தப் பதிலும் சொல்ல மாட்டேன். கழட்டினப்புறம் பாத்துக்கலாம். கையைத் தூக்குங்க.”

எவரிஸ்தோ சரணடைகிறவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கை போதும் என்றாள் கசில்தா.

சரி, இரண்டு நாள் போட்டுவிட்டுக் கழற்றினால் தீர்ந்தது என்றுதான் அவர் நினைத்தார். லிதியா விடவில்லை. புதுச் சட்டை பளபளவென்று இருக்கிறது, படத்தில் பொய்யாகத் தெரியும், வேர்த்து விறுவிறுத்துக் கசங்க வேண்டும், தினமும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போங்கள் என்று உத்தரவு போட்டாள். மனிதர் அந்தச் சட்டையோடு தபால் கொடுத்தார். கதவுகள் படார் படாரென்று சாத்திக்கொண்டன. ஒரு வீட்டில் மேலே தண்ணீர் கொட்டினார்கள். நாய்கள் குரைத்தன. கடிக்கிற நாய் இருந்த வீட்டில், அந்த வீட்டுக் கிழவரே வந்து கடிப்பது போல் நின்றார்.

அதோடு மழை. மழை விட்டால் மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்தால் காமிராவில் ஏதோ பட்டை அறுந்தது. மூன்று வாரம்! மற்ற காட்சிகளையெல்லாம் எடுத்தார்கள். சோப்பு வரிசை, புகையிலைக் கொட்டகைப் பெண்கள், அறுபது வயதில் எழுத்துப் படிக்கிறவர்கள், சோளரொட்டி தட்டுகிறவர்கள். முகாம் மட்டும் விழுந்தபாடில்லை.

ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். முகாம் விழுந்தால்தான் சட்டை கழலும். சட்டை கழன்றால்தான் பதில் வரும். ஆகவே சான் கஸ்பாரில் அந்த மூன்று வாரமும் புரட்சி வெற்றி பெற வேண்டுமென்று ராப்பகலாக ஏங்கிய ஒரே ஆத்மா காவற்படை சார்ஜென்ட் எவரிஸ்தோதான். பொர்ஃபிரியோ கடைக்குப் போய், “எப்போங்க தாக்கப் போறீங்க? சீக்கிரம் தாக்குங்க, நான் எதிர்க்கவே மாட்டேன்” என்று கெஞ்சுவார்.

“கொஞ்சமாவது எதிர்க்கணும்யா” என்று பொர்ஃபிரியோ இறைச்சியை வெட்டிக்கொண்டே சொல்வார். “இல்லேன்னா என் மரியாதை என்ன ஆவுறது?”

சார்ஜென்டுக்குக் கீழே சிப்பாய்கள் வேண்டும். எவரும் வராததால் வைக்கோல் பொம்மை செய்து ஜன்னலுக்கு ஒன்றாகப் பதினொன்றை நிறுத்தினார்கள். முகம் வரைந்தது பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு வரையத் தெரிந்தது ஒரே முகம். பதினோரு பேருக்கும் எங்கள் பாதிரியார் ஜாடை வந்துவிட்டது. பாதிரியார் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பட்டனுக்கும் ஊரில் பஞ்சம். எவரிஸ்தோ சட்டைக்கு ஆறு பட்டன் சேர்ப்பதற்குள் கசில்தா ஆறு வீடு ஏறி இறங்கினாள். பொம்மைகளுக்கு முள்ளைக் குத்தினார்கள்.

ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை வெயில் அடித்தது. மின்சாரமும் இருந்தது. லிதியா ஊரைக் கூட்டினாள்.

“தோழர்களே! கடல்தாண்டி இருக்கிற தோழர்கள் அனுப்பின ஃபிலிம்ல ஒரே ஒரு டப்பாதான் மிச்சம். பத்து நிமிஷம். தப்பாப் போனா இன்னொரு டப்பா அடுத்த வருஷம்தான். அதனால ஒத்திகை கிடையாது! எனக்கு நடிப்பு வேண்டாம், நிஜம் வேணும். அன்னைக்கு மணி அடிச்சப்போ எங்கே இருந்தீங்களோ அங்கே போய் இருங்க. கோயில் மணி அடிச்சதும் அன்னைக்கு எப்படி முகாமுக்கு ஓடுனீங்களோ அப்படியே ஓடணும்! யோசிக்கவே கூடாது!”

யோசிக்கவே கூடாது என்று எங்களிடம் போய்ச் சொல்லலாமா அந்தப் பெண்?

எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். பொர்ஃபிரியோவும் உண்மைக்குக் கட்டுப்பட்டவராகப் போய்க் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டார். அட்டை முகாம் வாசலில் எவரிஸ்தோ மரத்துப்பாக்கியோடு நின்றார். அவருக்குப் பின்னால் பதினோரு பாதிரியார்கள். ஓரமாக, காமிராவில் படாமல், சட்டை கிழிந்தால் தைப்பதற்கென்று ஊசியும் நூலுமாகக் கசில்தா உட்கார்ந்திருந்தாள்.

மணி அடித்தது. காமிரா ஓடியது.

ஊரெங்கும் கதவுகள் திறந்தன. ‘ஓ’வென்று இரைச்சல் எழுந்தது. எவரிஸ்தோவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதோ, இன்னும் ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடுவார்கள்! சட்டையைக் கிழித்தே எறிந்துவிடுவார்கள்! இரைச்சல் வந்தது, வந்தது... அப்புறம் அது போனது. மேல்பக்கமாக. தூரத்தில்.

எவரிஸ்தோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். லிதியா கேட்டாள். மாடுகளும் கேட்டன. நாலு தெருவுக்கு அப்பால், முகாம் இருந்த இடத்தில், பூங்காவில், சான் கஸ்பார் ஊர் முழுவதும் வீராவேசமாக ஊஞ்சலைத் தாக்கிக்கொண்டிருந்தது. பொர்ஃபிரியோ சறுக்குமரத்தில் அடியிலிருந்து ஏறி, இரண்டு தடவை சறுக்கி விழுந்து, மூன்றாம் தடவை உச்சியில் கொடியை நட்டுவிட்டார். வாழ்க வாழ்க என்ற கோஷத்தில் எங்களுக்கே காது அடைத்தது.

இங்கே ஃபிலிம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால், நிறுத்திய அந்த நொடியில் அவர்கள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று லிதியா நிறுத்தவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்று நிமிஷம். நாலு நிமிஷம். ஒரு கோழி, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு முகாமைக் கடந்து போனது. எவரிஸ்தோ அதையும் ஆசையாகத்தான் பார்த்தார்.

“யாராவது வாங்களேன்!” என்று கத்திவிட்டார் கடைசியில். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை மனிதருக்கு. “ஐயா! நான் இங்கே இருக்கேன்! என்னை வந்து பிடிங்கய்யா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

யாரும் வரவில்லை. அடுத்த வருஷம்தான் டப்பா என்றாளே! அதுவரை இந்தச் சட்டையா? எவரிஸ்தோ மீசை துடித்தது. கண் கலங்கிவிட்டது.

“இந்த ஊர்ல ஒரு வேலையையாவது ஆம்பளைங்களை நம்பி விட முடியுதா?” என்றபடி கசில்தா எழுந்தாள்.

இடுப்பில் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல். கழுத்தில் அளவு நாடா. காமிராவுக்கு முன்னாலேயே நடந்து போனாள். முதல் பொம்மையின் காதைப் பிடித்து இழுத்தாள், அது வைக்கோலாகக் கொட்டியது. வரிசையாகப் பதினொன்றையும் பிய்த்துப் போட்டுவிட்டு, எவரிஸ்தோ எதிரே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. முகம் சிவந்திருந்தது. அது நடிப்பில்லை. நாலு வருஷக் கோபம்.

“எங்கடா என் மெஷின்?”

எவரிஸ்தோ திருதிருவென்று முழித்தார். சார்ஜென்டாகப் பதில் சொல்வதா, தபால்காரராகச் சொல்வதா? யாரும் அவருக்கு வசனம் சொல்லித் தரவில்லை.

“தப்புதாங்க” என்றார். “தூக்கிட்டுப் போயிருக்கக்கூடாது. மன்னிச்சிடுங்க, தோனா கசில்தா. எங்க எல்லார் சார்பாவும்.”

துப்பாக்கியை இரண்டு கையாலும் நீட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணில் தண்ணீர். அவ்வளவு சந்தோஷமாகச் சரணடைந்தவன் எந்தப் போரிலும் இருந்திருக்க மாட்டான்.

கசில்தா துப்பாக்கியை வாங்கிக் கீழே போட்டாள். பிறகு, “சட்டையைக் கழட்டு” என்றாள். அவர் அவசரமாக இழுக்கவும், “மெதுவா! மெதுவா! பட்டன் போயிடப்போவுது. மூணாவது பட்டன் பாதிரியார் கொடுத்தது” என்றாள். எவரிஸ்தோ ஒவ்வொரு பட்டனாகக் கழற்றி, ஓட்டை விழுந்த உள்பனியனோடு நின்றார். கசில்தா சட்டையை வாங்கி, உதறி, பட்டன்களைத் தொட்டுப் பார்த்து, மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள்.

“கழட்டிட்டேங்க” என்றார் எவரிஸ்தோ. “பதில்?”

“பதில் தபால்ல வரும்” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். டப்பா முடிந்து ஃபிலிம் படபடவென்று அடித்துக்கொண்டது.

அதன்பிறகு பொர்ஃபிரியோவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் வெற்றி முழக்கத்தோடு வந்து சேர்ந்தது. லிதியா ஒலிபெருக்கிக் குழாயிலேயே அழுதாள்.

“முகாமுக்குத்தானே ஓடச் சொன்னேன்!”

“ஓடினோமே, தங்கச்சி” என்றார் பொர்ஃபிரியோ. முழங்கை சிராய்த்திருந்தது. “கொடிகூட நட்டாச்சு.”

“முகாம் இதோ இருக்கே! கண்ணு தெரியலையா?”

“இது நிக்குதேம்மா” என்றார் அவர், பொறுமையாக. “நிக்கிறதைப் போய் எப்படி முகாம்னு சொல்றது?”

எங்கள் எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது. சினிமாக்காரர்கள் மறுநாளே போய்விட்டார்கள். அட்டை முகாமைப் பிரித்து ஆளுக்கொரு பலகையாக எடுத்துக்கொண்டோம். என் வீட்டுக் கோழிக்கூட்டில் இன்னும் ‘காவற்ப’ என்று எழுதியிருக்கிறது.

எவரிஸ்தோ காத்திருந்தார். தினமும் காலையில் தபால் மூட்டையை அவிழ்த்து, தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்காது. கசில்தா வீட்டு வாசலில் நின்று கடிதம் கொடுப்பார். அவள் வாங்கிக்கொள்வாள். “வேற ஏதாவது போடணுமாங்க?” என்று கேட்பார். “இப்போ இல்லை” என்பாள். ஜூலை போனது, ஆகஸ்ட் போனது, செப்டம்பரும் போனது. மனிதர் இன்னும் இளைத்தார். இளைப்பதற்கு அவரிடம் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். எப்படியோ இளைத்தார்.

அக்டோபரில் படம் வந்தது. பட்டப்பகலில் புகையிலை உலர்த்துகிற கொட்டகையில், இடுக்கெல்லாம் சாக்கால் அடைத்து, படுக்கை விரிப்பு கட்டிக் காட்டினார்கள். புகையிலை நெடியில் ஊரே தும்மியது. திரையில் எங்கள் சோப்பு வரிசையைப் பார்த்து நாங்களே சிரித்தோம். எழுத்துப் படிக்கிற கிழவி தன் பெயரைத் தப்பாக எழுதினபோது கூச்சல் போட்டோம், அவள் எங்களைத் திட்டினாள். கடைசியில் முகாம் வந்தது. லிதியா எதையும் வெட்டவில்லை. கோழியும் குஞ்சும் போனது. எவரிஸ்தோ, “என்னை வந்து பிடிங்கய்யா” என்று கத்தியதும் கொட்டகை இடிந்துவிழும் போலச் சிரிப்பு. எவரிஸ்தோ கடைசி வரிசையில் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார்.

அப்புறம் திரை முழுக்க அவர் முகம் வந்தது. காமிராக்காரன் கிட்டே போய்ப் பிடித்திருக்கிறான். துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற அந்த நீள முகம். எல்லாருடைய சிரிப்பும் அப்படியே நின்றுபோயிற்று. தும்மல்கூட நின்றது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கசில்தா, படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போனாள்.

இரண்டாம் நாள் காலை. எவரிஸ்தோ மூட்டையை அவிழ்த்தார். உள்ளூர்க் கடிதம் ஒன்று, ஸ்டாம்ப் ஒழுங்காக ஒட்டியது. மேலே இப்படி எழுதியிருந்தது: ‘எவரிஸ்தோ ரிஸோ. அட்டை முகாம் இருந்த இடத்திலிருந்து ஒரு தெரு மேலே, அரைத் தெரு ஆற்றுப் பக்கம், தையல் மெஷின் முனகுகிற வீடு.’

அவர் அதை மூன்று தடவை படித்தார். நெற்றி சுருங்கியது. இருபத்தாறு வருஷ அனுபவம் உடனே கண்டுபிடித்துவிட்டது: விலாசம் தப்பு. மற்ற கடிதங்களையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு நேராகக் கசில்தா வீட்டுக்குப் போனார். உள்ளே மெஷின் முனகிக்கொண்டிருந்தது.

“தோனா கசில்தா, இதுல விலாசம் தப்பா இருக்குங்க. பேரு என்னுது. ஆனா விலாசம் உங்க வீட்டுது.”

மெஷின் நின்றது. கசில்தா வாசல்படிக்கு வந்தாள். இன்றைக்கு வாயில் ஊசி இல்லை.

“ஒரு லெட்டரும் தொலைச்சதில்லைன்னு ஊரெல்லாம் சொல்றாங்க. படிக்கத் தெரியாதா உங்களுக்கு? பேரையும் விலாசத்தையும் சேத்துப் படிங்க.”

எவரிஸ்தோ சேர்த்துப் படித்தார். உதடு அசைந்தது. காது இரண்டும் மெல்லச் சிவந்தன. கையிலிருந்த கவரைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே காகிதமே இல்லை.

“உள்ளே ஒண்ணும் எழுதலீங்களே.”

“எழுத வேண்டியதெல்லாம் வெளியிலேயே எழுதியாச்சு. இதைச் சொல்லவா இன்னொரு காகிதம்?” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “படத்துல உங்க மூஞ்சியைப் பாத்தேன். அந்தச் சட்டையைப் போட்ட எவனும் அப்படி ஒரு மூஞ்சி வெச்சிக்க மாட்டான்.”

எவரிஸ்தோ அசட்டுத்தனமாக நின்றார். பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

“அப்போ இந்த லெட்டரை நான் யார்கிட்ட கொடுக்கறதுங்க?”

“விலாசத்துல இருக்கிற வீட்டுக்குள்ளே வந்து, பேரு போட்ட ஆளுகிட்ட கொடுங்க” என்று சொல்லிக் கசில்தா படியிலிருந்து ஒதுங்கி நின்றாள்.

அவர் செருப்பைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார். பிறகு குனிந்து, ஒன்பது வருஷமாக வெளியிலிருந்தே பார்த்த அந்த வாசல்படியைத் தாண்டி உள்ளே போனார்.

அன்றைக்கு ஊரில் யாருக்கும் மத்தியானம்வரை தபால் வரவில்லை. எனக்கு வர வேண்டிய மணியார்டர் மறுநாள்தான் வந்தது. வேறு யாராவது என்றால் சட்டையைப் பிடித்திருப்பேன். மனிதர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன்.